பல்லானாவுக்கு ஒரு பார்சல்

என் வீட்டுக்காரர் மீரா சாகிபின் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. கல்யாணமான நாள் முதல் நானும் காத்திருக்கிறேன், வரவில்லை. துபாயில் தேரா, நைஃப் பக்கம் ஒரு சந்துக்குள் அவருக்குக் கடை. கம்பளி, சூட்கேஸ், அட்டைப்பெட்டி, நைலான் கயிறு, டேப், தடித்த மார்க்கர் பேனா. ஊருக்கு லீவில் போகிறவன் யாரானாலும் கடைசியில் அங்கே வந்து நிற்பான். சோனாப்பூர் லேபர் கேம்ப் ஆட்கள் லீவு நாளில் கும்பலாக வருவார்கள். ஜெபல் அலியிலிருந்துகூட வருவார்கள். வாங்கிய சாமானை எல்லாம் தரையில் கொட்டிவிட்டு, "காக்கா, நீங்களே கட்டிக் குடுங்க" என்பார்கள். காக்கா என்றால் எங்களில் அண்ணன். இவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து அடுக்க ஆரம்பிப்பார். அவர் கட்டிய பெட்டி எந்த ஏர்போர்ட்டிலும் வாய் பிளந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு பவுசு உண்டு, நான் மறுக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் நான் ஏன் வாய் திறக்கப்போகிறேன். நாங்கள் காயல்பட்டினம் போகும்போதெல்லாம் எங்கள் பெட்டியில் பாதி அடுத்தவர் சாமான். ஒருவர் பிள்ளைக்குப் பால்பவுடர், இன்னொருவர் உம்மாவுக்குத் தைலம், மூன்றாமவர் கொழுந்தியாளுக்கு சென்ட். நான் ஆசையாக வாங்கிய பீங்கான் செட் எடை கூடிவிட்டதென்று தேராவிலேயே கிடக்கும். ஊரில் இறங்கிய முதல் வாரம் அவரைக் கண்ணால் பார்க்க முடியாது. குலசேகரப்பட்டினம், உடன்குடி என்று பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். ஒருமுறை சாயல்குடி வரைக்கும் பஸ்ஸில் போய் ஒரு பிளாஸ்கைக் கொடுத்துவிட்டு வந்தார். "ஊருக்கு உபகாரி, வீட்டுக்கு வெறுங்கை" என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் கோபம்.

இந்த வருஷம் எங்கள் மகள் அஃபீஃபா, ஷார்ஜாவில் இருக்கிறவள், ஒரு காரியம் செய்தாள். "வாப்பா, உம்மா, நீங்க ஊருக்கும் உம்ராவுக்கும் தவிர எங்கேயும் போனதில்ல. எகிப்து போய்ட்டு வாங்க" என்று ஒரு தமிழ் டூர் குரூப்பில் எங்கள் பெயரைச் சேர்த்துவிட்டாள். கெய்ரோ, அஸ்வான், கோம் ஓம்போ, லக்சர். அவள் போனில் ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே வந்தபோது ஒரு படத்தில் என் கண் நின்றது. கோம் ஓம்போ கோயில் சுவரில் அந்தக் காலத்து வைத்தியர்களின் கருவிகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று அச்சு அசலாகக் கத்தரிக்கோல் மாதிரி இருந்தது. நான் தேராவில் எங்கள் பில்டிங் பெண்களுக்கெல்லாம் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். கத்தரிக்கோல் பிடித்தே கட்டைவிரலில் காய்ப்பு ஏறிவிட்டது. பிரமிடை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், அந்தக் கத்தரிக்கோலை நான் தொடும் தூரத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கிளம்புவதற்கு முன்னாலேயே அவரிடம் சத்தியம் வாங்கினேன். "இந்த ஒரு பயணம் நமக்கு மட்டும். யார் பார்சலும் வேணாம்."

"சரி புள்ள" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கெய்ரோவை ஒரு குறையும் இல்லாமல் பார்த்தோம். அஸ்வானில் இரண்டாம் நாள் காலை நல்ல குளிர். அவருடைய மஃப்ளரைத் தேடி அவர் பையைத் திறந்தேன். சட்டைகளுக்கு அடியில், கரும்பச்சைத் துணியில் சுற்றி, நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, மேலே மார்க்கரில் அரபு எழுத்து. அந்த முடிச்சை எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகப் பார்க்கிற முடிச்சு.

"இது என்னா?"

அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வாயைக் கொப்புளிச்சிட்டுச் சொல்லுங்க. இது என்னா?"

"நம்ம இத்ரீஸோடது" என்றார்.

இத்ரீஸ் எங்கள் பில்டிங்கின் நாத்தூர், அதாவது வாட்ச்மேன். எகிப்துக்காரர், அதிலும் தெற்கே நைல் கரையோரத்து நூபியர். நெடிய கறுத்த மனிதர். பத்து வருஷத்துக்கு மேலாகக் கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகள் ஹனானுக்குக் கல்யாணம். மாற்று ஆள் இல்லாததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண்ணுக்கு மருதாணி இரவில் உடுத்த ஒரு இந்தியச் சேலை வேண்டுமாம். அந்த ஊர்ப் பெண்கள் மருதாணியன்று விதவிதமாக உடை மாற்றுவார்களாம், அதில் ஒன்று நம் சேலையாம். கொண்டுபோக இருந்த மச்சானின் பயணம் கடைசி நேரத்தில் நின்றுபோனது. அப்புறம் யாரிடம் வருவார்? ஹாஜி, ஹாஜி என்று அவர் கூப்பிடும் என் வீட்டுக்காரரிடம்தான்.

"மருதாணி என்னிக்கி?"

"இன்னிக்கு ராத்திரி" என்றார். "நம்ம ப்ரோக்ராம்ல இன்னிக்கு மத்தியானம் நூபியன் வில்லேஜ்னு போட்டிருக்கு, பாரு. எறங்கினதும் குடுத்துட்டு வந்துருவேன். பத்து நிமிஷ வேலை."

நான் மஃப்ளரை அவர் மேல் எறிந்துவிட்டு கீழே போய் நாஷ்டா சாப்பிட்டேன். அவரோடு பேசவில்லை.

எங்கள் கைடு பெயர் ஹானி. இளந்தொப்பை, கூலிங்கிளாஸ், கையில் மடக்கிய குடை. இந்தியக் குரூப்புகளை மேய்த்து மேய்த்து "ஜல்தி, பாய், ஜல்தி" என்று பழகியிருந்தார். அவருடைய இங்கிலீஷ் எனக்குப் புரிகிற இங்கிலீஷ். அவருக்கும் அது சொந்தம் இல்லை, எனக்கும் இல்லை. முதலில் படகில் ஃபிலே கோயிலுக்குக் கூட்டிப்போனார். தண்ணீருக்கு நடுவில் ஒரு தீவு, தீவு நிறையத் தூண்கள். காலை வெயில் பட்டு அந்தக் கல் எல்லாம் மஞ்சளாக இருந்தது. கோபத்தில் இருந்தவளுக்கே கோபம் மறந்துபோகும் அழகு. நான் விடாப்பிடியாக மறக்கவில்லை.

ஹானி கதை சொன்னார். ஐசிஸ் என்கிற தேவதையின் புருஷனைத் துண்டு துண்டாக வெட்டி நாடெல்லாம் வீசிவிட்டார்களாம். அவள் அலைந்து திரிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்தாளாம். என் பக்கத்தில் சீதாலட்சுமி நின்றாள். ருவைஸில் ரிஃபைனரி வேலை பார்க்கும் நாகலிங்கத்தின் மனைவி, மதுரைப் பக்கம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். அவள் என் காதில், "கேட்டீங்களா அக்கா, புருஷனை எப்படித் தேடியிருக்கா" என்றாள்.

"எனக்கு முழுசாவே ஒருத்தர் நிக்கிறாரு. பேசத்தான் மனசில்ல" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து ஹானி சொன்னதுதான் என் வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தியது. அணை கட்டியதில் இந்தக் கோயில் தண்ணீருக்குள் போய்விட்டதாம். அப்புறம் சுற்றிலும் தடுப்புப் போட்டு, தண்ணீரை இறைத்து, கோயிலைப் பல ஆயிரம் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, பக்கத்துத் தீவுக்குக் கொண்டுவந்து மறுபடி அடுக்கியிருக்கிறார்களாம். நாங்கள் நின்றது அந்தப் பக்கத்துத் தீவு. இவர் குரூப்பை விட்டுவிட்டு ஒரு சுவரோடு ஒட்டிக்கொண்டு இணைப்பைத் தடவிப் பார்த்தார். "ஹானி பாய், ஒரு கல்லும் மிஸ் ஆகலையா?" என்று கேட்டார். "எந்தப் பக்கம் மேலன்னு எப்படி அடையாளம் வச்சாங்க?" ஹானிக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. தலையைச் சொறிந்தார். இவர் என்னிடம் வந்து, "நல்லா பெட்டி கட்டத் தெரிஞ்ச ஆளுங்க புள்ள" என்றார். நான் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் படகு நூபியன் வில்லேஜுக்குப் போனது. கரையிலேயே நீலமும் மஞ்சளுமாக வீடுகள், ஒட்டகங்கள், கலர் கலராகத் தொப்பி விற்கும் கடைகள். ஒரு வீட்டுத் தொட்டியில் முதலைக்குட்டி கிடந்தது, பிள்ளைகள் அதைப் பிடித்து போட்டோ எடுத்தார்கள். எங்களுக்குச் செம்பருத்தி டீ கொடுத்தார்கள். இவர் டீயைக் குடிக்கவில்லை. பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவரும் பார்சல் மேலிருந்த எழுத்தை வாசித்து, தலையை ஆட்டி, கையை வடக்கே நீட்டினார்கள். கடைசியில் தொப்பிக் கடைக்காரர் இவர் தோளில் கைபோட்டு மெதுவாகச் சொன்னதை ஹானி மொழிபெயர்த்தார்.

இந்த ஊர் வேறு, இத்ரீஸின் ஊர் வேறு. இத்ரீஸின் ஊர் பல்லானா. பழைய பல்லானா அணைத்தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அந்த ஊர் ஜனங்களை அந்தக் காலத்திலேயே கப்பலிலும் பஸ்ஸிலும் ஏற்றி, கோம் ஓம்போவுக்குப் பக்கத்தில் வரிசையாக வீடு கட்டிக் குடிவைத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரை மட்டும் அவர்கள் கூடவே கொண்டுபோனார்கள். இப்போது பல்லானா என்றால் அதுதான்.

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. சோனாப்பூரில் ஒருவனைப் பார்த்து 'நீ ராமநாதபுரமா?' என்று கேட்டு, 'ஆமாம்' என்று அவன் சொன்னதும் மாவட்டத்தின் மறுகோடிக்கும் பார்சலைக் கொடுத்துவிடுவார்கள். நூபியர் என்றால் எல்லோரும் ஒரே தெருவில் இருப்பார்கள் என்று இவரும் நினைத்துவிட்டார்.

இவர் முகம் வாடிவிட்டது. ஹானியிடம், "போற வழிதானே, பஸ்ஸை அந்த ஊர் வழியா விடலாமா?" என்று கேட்டார். ஹானி நல்ல மனிதர்தான், ஆனால் பஸ்ஸில் முப்பது பேர், ராத்திரி லக்சரில் ஹோட்டல். "ஹாஜி, கோம் ஓம்போ கோயிலில் உங்களுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் டாக்ஸியில் போய்வந்தால் உங்கள் இஷ்டம். பஸ் காத்திருக்காது" என்றார்.

பஸ்ஸில் அவர் இத்ரீஸுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவர் "இன்ஷா அல்லாஹ், இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ கோயிலைப் பாரு. நான் மட்டும் போய்ட்டு வந்துர்றேன். உன் கத்தரிக்கோலை நான் கெடுக்க மாட்டேன்" என்றார்.

அன்று காலையிலிருந்து அப்போதுதான் நான் அவரோடு பேசினேன். "நானும் வர்றேன்."

"எதுக்கு?"

"உங்களைத் தனியா விட்டா அந்த ஊரு முழுக்க உங்க கிட்ட பார்சல் குடுத்து அனுப்பும். தடுக்க ஒரு ஆளு வேணாமா?"

சொன்னது அதுதான். அந்தப் பெண் மருதாணியன்று வாப்பா அனுப்பிய துணி வராமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

கோம் ஓம்போவில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை மேட்டில் கோயில் பளிச்சென்று நின்றது. சீதாலட்சுமியின் கையைப் பிடித்து, "அந்தக் கத்தரிக்கோல் சுவரை மட்டும் நல்லா போட்டோ எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு, நான் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

கரும்புத் தோட்டங்களைத் தாண்டிப் போனால் பல்லானா. நீலமும் மஞ்சளும் அங்கே இல்லை. அரசாங்கம் கட்டிய ஒரே மாதிரி வீடுகள், வரிசை வரிசையாக. சில வாசலில் மட்டும் கையால் பூவும் பறவையும் வரைந்திருந்தார்கள். எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாசலில் கலர் பல்பு எரிந்தது, உள்ளே தஃப் அடிக்கும் சத்தம்.

இத்ரீஸின் மனைவி தஹப் வெளியே வந்தாள். என் வயசுதான் இருக்கும். இவர் பார்சலை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கி, பார்க்காமலே பின்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். இவர் முகத்தையே பார்த்தாள். "ஹுவ ஆமில் ஏ?" என்று கேட்டாள். அவர் எப்படி இருக்கிறார் என்று அர்த்தம். பிறகு இரண்டு விரலால் தன் கன்னத்தைக் கிள்ளி உள்ளே இழுத்துக் காட்டினாள். மெலிந்துவிட்டாரா?

அதே கேள்வி. நானும் கேட்டிருக்கிறேன்.

கல்யாணமாகி முதல் பன்னிரண்டு வருஷம் நான் காயல்பட்டினத்தில், இவர் துபாயில். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு பெண் உம்மா வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வருவார். வருவார் என்றால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. நடுவில் பார்சல் வரும். கொண்டுவந்த ஆளை முன்னறையில் உட்காரவைத்து, நான் கதவுக்குப் பின்னால் நின்று என் தம்பியை விட்டுக் கேட்கச் சொல்வேன். மெலிஞ்சுட்டாரா? ராத்திரி சோறா, ரொட்டியா? இருமல் இருக்கா? ஒருவர் இவர் சிரிக்கிற மாதிரியே சிரித்துக் காட்டினார். ஒருவர் இவரைப் பார்த்ததே இல்லை, வேறு யாரோ கொடுத்ததைக் கொண்டுவந்திருக்கிறார். அது தெரிந்ததும் நான் அழுதேன். அந்தப் பெட்டிகளில் என்ன வந்தது என்று இப்போது கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. அந்த ஆட்களின் முகம் எல்லாம் நினைவிருக்கிறது.

இவர் தெரிந்த அரபியில், "தமாம், தமாம், குல்லு தமாம்" என்றார். எல்லாம் நல்லபடி என்று. இது ஒரு பதிலா? ஆம்பளைகளின் புத்தி. நான் அவரை விலக்கிவிட்டு முன்னால் போனேன். தஹபின் கையைப் பிடித்துக்கொண்டு, அரபும் தமிழும் கையும் கண்ணுமாகச் சொன்னேன். கொஞ்சம் மெலிவுதான், ஆனால் அது சிகரெட்டை விட்டபிறகு. காலையில் ஃபூல், அதாவது அவர்கள் ஊர்ப் பயறு மசியல், ராத்திரி எங்கள் வீட்டுக் குழம்பு அடிக்கடி. முட்டியில் வலி, தைலம் தேய்க்கிறார். மகள் பெயரைச் சொல்லும்போது குரல் கம்முகிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், கண் கலங்கியது, சிரித்தாள். பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. பரவாயில்லை, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பெண்கள் பார்சலைப் பிரித்துவிட்டார்கள். மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை, நல்ல சேலை. எல்லோரும் குலவை போட்டார்கள். ஹனான் பாசி வேலை செய்த ஒரு சட்டையோடு வந்து நின்றாள், ப்ளவுஸ் கவலை தீர்ந்தது. நான் சேலையை உதறினேன். பார்சலைத் தடவினேன். துணியைத் திருப்பிப் போட்டேன். உள்பாவாடை இல்லை.

வாசலில் நின்றவரைக் கூப்பிட்டேன். "சேலையை யாரு வாங்கினது?"

"நானும் இத்ரீஸும்தான். நாலு கடை ஏறி எறங்கினோம்."

"பாவாடை எங்கே?"

"பாவாடையா?" என்றார்.

ப்ளவுஸ் தைக்கிறவளோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்துகிற மனுஷன். யா அல்லாஹ் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஹனான் சேலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கேட்கக்கூடத் தெரியவில்லை, ஏதோ சரியில்லை என்று மட்டும் புரிந்திருக்கிறது. கீழே கட்டிச் சொருக ஒன்றும் இல்லாமல் ஆறு கெஜத்தை எதில் நிறுத்துவது? டாக்ஸிக்காரர் வெளியே ஹார்ன் அடித்தார்.

துபாயில் எத்தனை வருஷம் இருந்தாலும் நான் சேலைதான். மேலே அபாயா. அன்றும் அப்படித்தான். உள்ளறைக் கதவைச் சாத்தச் சொன்னேன். என் பாவாடையைக் கழற்றி ஹனானுக்குக் கட்டி நாடாவை இறுக்கினேன். இடுப்பில் இரண்டு சுற்று மிச்சம், என் சரீரத்துக்குத் தைத்தது அல்லவா. அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். தஹப் எனக்கு அவளுடைய நீள அங்கி ஒன்றைக் கொடுத்தாள். என் சேலையைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். கையில் எப்போதும் ஊக்குக் கொத்து இருக்கும். கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் மடித்து, ஊக்குக் குத்தி, நிமிர்ந்து பார்த்தேன். மாஷா அல்லாஹ். அந்த நெடிய பெண்ணுக்கு அந்த மஞ்சள் அப்படிப் பொருந்தியது. என் மகளுக்குக்கூட நான் அவ்வளவு ஆசையாகக் கட்டிவிட்டதில்லை.

யாரோ வாப்பாவுக்கு வீடியோ கால் போட்டார்கள். போனில் எங்கள் லிஃப்டின் கதவு தெரிந்தது, அதன் முன்னால் இத்ரீஸ். ஹனான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள்.

கிளம்பும்போது தஹப் வழியை மறித்தாள். எனக்குத் தெரியும் இது. எங்கள் ஊரிலும் பார்சல் கொண்டுவந்தவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டோம். பேரீச்சம்பழம், காய்ந்த செம்பருத்தி, மருதாணிப் பொடி, கல்யாணத்துக்குச் சுட்ட பிஸ்கட், எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில், இத்ரீஸுக்கு. இவர் பெட்டியையும் பார்க்கவில்லை, தஹபையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், திருட்டுப்பூனை மாதிரி.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றேன். "அந்த அடுக்கு சரியில்ல, பிஸ்கட் நொறுங்கும். கயிறு கேளுங்க."

அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். பிரித்து அடுக்கினார். முடிச்சுக்கு நான் விரல் வைத்தேன்.

டாக்ஸியில் இருட்டிவிட்டது. தூரத்தில் கோயில் விளக்கு தெரிந்தது. "உன் கத்தரிக்கோல் போச்சே" என்றார்.

"போனாப் போவுது." கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டேன். "ஒரு பார்சலைக்கூட வேணாம்னு சொல்ல மாட்டேங்குறீங்களே, ஏன்?"

"அப்போல்லாம் நான் பூத்துல நின்னு உனக்குப் போன் போடுவேன்ல. பார்சல் வந்து சேர்ந்த அன்னிக்கு உன் குரலே வேறயா இருக்கும். மத்த நாள்ல அப்படி இருக்காது. அதான்" என்றார்.

இத்தனை வருஷம் இதைச் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார், பார்க்கட்டும்.

பஸ் காத்திருந்தது. காத்திருக்காது என்ற ஹானி படியில் நின்றுகொண்டு, "பத்து நிமிஷம் லேட், ஹாஜி" என்றார். தஹப் எங்களுக்கென்று தனியாகக் கொடுத்த பிஸ்கட்டில் ஒரு கை அள்ளி அவருக்குக் கொடுத்தேன், அடங்கினார். சீதாலட்சுமி ஓடிவந்து போட்டோவைக் காட்டினாள். சுவருக்கு முன்னால் நாகலிங்கம் முழு உருவமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். கத்தரிக்கோலின் பிடி மட்டும் அவர் காதுக்குப் பின்னால் தெரிந்தது. "நல்லா இருக்குல்ல, அக்கா?" என்றாள். ரொம்ப நல்லா இருக்கு என்றேன்.

சீட்டில் உட்கார்ந்ததும் இவர் என் அங்கியின் கீழ் ஓரத்தைக் கவனித்தார். "உன் சேலை எங்கே புள்ள?"

"பையில. பாவாடை பல்லானாவுல. துபாய் போனதும் எனக்கு ரெண்டா வாங்கித் தரணும்."

ரெண்டு பாவாடையும் இன்னும் வரவில்லை.

துபாய் திரும்பியது ஒரு வெயில் மத்தியானம். பில்டிங் வாசலில் வேன் நின்றதுமே இத்ரீஸ் எழுந்து வந்தார். இவர் பெட்டியை நீட்டினார். இத்ரீஸ் வாங்கி, பார்க்காமலே நாற்காலிக்கு அடியில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க மேல போங்க" என்று இவரை லிஃப்டில் ஏற்றிவிட்டேன். இத்ரீஸின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மகளைப் பற்றிக் கேட்பார், சேலையைப் பற்றிக் கேட்பார் என்று எல்லாவற்றையும் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அந்த நெடிய மனுஷன் என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார். லிஃப்ட் மேலே போகும்வரை காத்திருந்தார்.

"உம்மு அஃபீஃபா" என்றார், அஃபீஃபாவின் உம்மா என்று. பிறகு இரண்டு விரலால் தன் கன்னத்தைக் கிள்ளி உள்ளே இழுத்துக் காட்டினார். "தஹப்?"